நிலநடுக்க அலைகள்: பாடத்தில் அடிக்கடி நேரும் தவறுகள்

பூமியின் குறுக்குவெட்டுப் படத்தில், நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து ஸ்கேல் வைத்து நேர்க்கோடுகள் இழுத்தால் படம் அங்கேயே தப்பாகிவிடுகிறது. கவசத்துக்குள் (மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையே உள்ள தடித்த பாறை அடுக்கு) ஆழம் போகப் போக அலையின் வேகம் பொதுவாகக் கூடுகிறது. அதனால் பாதை வளைந்து, தொங்கும் கயிறு போல இறங்கி, மறுபடி மேலே ஏறும்.

சரி, வேகம் ஏன் கூடுகிறது? “ஆழத்தில் அடர்த்தி அதிகம், அதனால் வேகமும் அதிகம்” என்று பலரும் எழுதுகிறார்கள். பார்க்கச் சரி போலவே இருப்பதால்தான் இந்தத் தவறு போக மாட்டேன் என்கிறது. உண்மையில் அடர்த்தி அலையின் காலைப் பிடித்து இழுக்கும். வேகம் தருவது பாறையின் விறைப்பு. அழுத்தம் ஏறும்போது அடர்த்தியைவிட விறைப்பு அதிகமாக ஏறுகிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 2,900 கி.மீ. ஆழத்துக்குப் போய்ப் பாருங்கள். கவசம் முடிந்து, உருகிய இரும்பாலான வெளிக்கரு தொடங்கும் இடம் அது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.6 கிராமிலிருந்து 9.9 கிராமுக்குத் தாவுகிறது. பாறையை முன்னும் பின்னும் அழுத்திச் செல்லும் பி அலையின் வேகமோ நொடிக்கு 13.7 கி.மீ.யிலிருந்து ஏறக்குறைய 8 கி.மீ.க்கு விழுகிறது!

“எஸ் அலை (பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்வது) திரவத்தில் போகாது” என்று எழுதிய கையோடு, “கவசம் உருகிய குழம்பு” என்று எழுதுவது இன்னொன்று. கவசம் முழுக்க எஸ் அலை போகிறதே! கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்ந்தாலும், அது திடப் பாறைதான்.

அப்புறம் நிழல் மண்டலம், அதாவது நேரடி அலைகள் வந்து சேராத பகுதி. இதை நிலையான ஓர் இடமாக நினைக்கக் கூடாது. நிலநடுக்கம் எங்கே நடக்கிறதோ அதைப் பொறுத்து மாறும். அங்கிருந்து (பூமியின் மையத்தில் அளக்கும் கோணத்தில்) சுமார் 104 டிகிரிக்கு அப்பால் நேரடி எஸ் அலை வராது, ஏனென்றால் வெளிக்கரு விடாது. பி அலைக்கு 104 முதல் 140 டிகிரி வரை மட்டுமே நிழல். அது தடுக்கப்படவில்லை, கருவுக்குள் நுழையும்போது உள்நோக்கி வளைந்து, தள்ளிப் போய் வெளிவருகிறது. இரண்டுக்கும் ஒரே காரணம் சொன்னால் விடை தப்பு.

அந்த நிழலும் முழு இருட்டில்லை. 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தின் பதிவுகளில், வரவே கூடாத இடத்தில் பலவீனமான பி அலைகள் தெரிந்தன. அவற்றைக் கருவிக் கோளாறு என்று தள்ளாமல், டென்மார்க் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) கணக்குப் போட்டார். 1936-இல் அவர் முன்வைத்த விடைதான், வெளிக்கருவுக்குள் இருந்து அந்த அலைகளைத் திருப்பும் உட்கரு.