கணவன் மனைவி சேர்ந்து தொழில் பண்ணுவது எப்படி: அமீலியா ஏர்ஹார்ட் வழி

வீட்டுக்காரரோடு, அல்லது வீட்டுக்காரியோடு, தொழிலும் தொடங்கப் போகிறீர்களா? கம்பெனிப் பெயர், லோகோவெல்லாம் அப்புறம். முதலில் நிபந்தனைகளைத் தாளில் எழுதுங்கள்.

அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட் இதைக் கல்யாணத்தன்றே செய்தார். 1931 பிப்ரவரி 7, கனெக்டிகட்டில் மாமியார் வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை ஜார்ஜ் பட்னம் கையில் ஒரு கடிதம். ஒரு வருடத்தில் நமக்குள் சந்தோஷம் இல்லையென்றால் என்னைப் போகவிட வேண்டும், ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிட வேண்டாம், நான் நானாக இருக்க அவ்வப்போது ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று எழுதியிருந்தார். இத்தனைக்கும் பட்னம் ஆறு தடவை கேட்டுத்தான் சம்மதமே கிடைத்தது. நம் ஊர் மண்டபத்தில் இப்படி ஒரு கடிதம் நீட்டினால் பஞ்சாயத்துதான், சரி, முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, யாருக்கு எது வரும் என்று பாருங்கள். பட்னம் பதிப்பாளர், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த விமானி லிண்ட்பெர்கின் புத்தகத்தைப் போட்டவர். 1928-இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்துக்கு அமீலியாவைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். அந்தப் பயணத்தில் அமீலியா விமானத்தை ஓட்டவே இல்லை, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரிப் போனேன் என்று அவரே சொன்னார். ஆனால் பட்னம் அதையே புத்தகமாக்கினார், பிறகு சொற்பொழிவு, பெட்டி, உடை என்று அந்தப் பெயரை வைத்துச் சம்பாதிக்க வழி செய்தார். அந்தப் பணம் பறப்பதற்கு உதவியது. 1932-இல் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குக் கிட்டத்தட்ட 15 மணி நேரம் தனியாக ஓட்டிப் போனது அமீலியாதான், அதில் பட்னத்துக்கு வேலை இல்லை.

விற்பவருக்கு வேகம் அதிகம், அதனால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாருடைய பெயர் விற்கிறதோ அவரிடம் இருக்கட்டும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே அமீலியா பட்டுத் தெரிந்துகொண்டார். 1928-இல் சிகரெட் விளம்பரம் ஒன்றுக்குச் சம்மதித்தார், அவர் சிகரெட்டே பிடிக்காதவர், அந்த அட்லாண்டிக் பயணத்தில் கூட வந்த இரண்டு ஆண்களுக்குப் பணம் கிடைக்கட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டார். ஒரு பத்திரிகை தருவதாகச் சொன்ன வேலை அதனால் கைவிட்டுப் போனது.

கடைசியாகப் பேப்பர் வேலை. 1937 ஜூலை 2-இல் பசிபிக் கடலில் உள்ள ஹவ்லாந்து தீவை நோக்கிப் பறந்து போன அமீலியா திரும்பவில்லை, சட்டப்படி இறந்தவராக அறிவிக்க 1939 ஜனவரி ஆனது. உங்கள் வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.