பன்றிக்குக் குடற்புழு நீக்கம்: மருந்தும் தரையும் ஒரே நாளில்

"தீனியெல்லாம் நல்லாத்தான் தின்னுது, உடம்புதான் ஏற மாட்டேங்குது." திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வெண்பன்றி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. கூடவே குட்டிகளுக்கு வயிறு உப்பி, முடி சிலிர்த்து, இருமலும் இருந்தால் குடற்புழுவைச் சந்தேகியுங்கள். குடற்புழுக்களில் ஒரு வகையான உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல் வழியாகப் போய்த்தான் குடலுக்குத் திரும்பும், இருமல் அதனால்தான். அறுத்த பன்றியின் ஈரலில் வெள்ளைத் தழும்புகள் தெரிந்தால், கொட்டகையில் மிச்சமுள்ள பன்றிகளுக்கும் புழு இருக்கும் என்றே கொள்ளுங்கள்.

1. சாணப் பரிசோதனை
நாலைந்து பன்றிகளின் புதுச் சாணத்தைக் காலையிலேயே தனித்தனிக் கவரில் எடுத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். உருண்டைப் புழு உள்ளே போய் முட்டையிட 6 முதல் 8 வாரம் ஆகும். அதனால் சின்னக் குட்டியின் சாணத்தில் முட்டை இல்லை என்பதால் புழுவே இல்லை என்று ஆகாது.

2. எடை
தராசு வேண்டாம், டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 = கிலோ. இரண்டுமே 0.9 மீட்டர் என்றால் சுமார் 50 கிலோ.

3. மருந்து
ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்து கிலோவுக்கு 5 மி.கி.; 50 கிலோ பன்றிக்கு 250 மி.கி. சாட்டைப் புழு (இன்னொரு வகைக் குடற்புழு) இருந்தால் ஒரு வேளை போதாது, தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும். ஐவர்மெக்டின் ஊசி சொறியையும் சேர்த்துப் போக்கும், ஆனால் சாட்டைப் புழுவுக்கு அதை நம்ப முடியாது. எது, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். தீனியில் கலந்தால் வலுத்தது இளைத்ததை விரட்டிவிட்டு அதன் பங்கையும் தின்றுவிடும், பிரித்து வையுங்கள். இறைச்சிக்கு விற்கும் முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று மருந்தின் லேபிளில் இருக்கும்.

சினைப் பன்றிக்குக் குட்டி போட 10–14 நாள் முன்பு மருந்து. பிறகு வயிறு, மடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான அறைக்கு மாற்றுங்கள். குட்டிகளுக்குப் பால் மறக்கும்போது.

4. தரை
பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். பசைபோல ஒட்டும் அந்த முட்டை பினாயிலுக்குச் சாகாது, ஈர மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே மருந்து கொடுக்கும் அதே நாளில் சாணத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நல்ல வெயிலில் காய விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயாது. புரட்டாசிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது. மண் தரையைக் கழுவ முடியாது, முடிந்தவர்கள் சிமெண்ட் போட்டுவிடுங்கள். சாணத்தைக் கொட்டகையை விட்டுத் தள்ளிக் குவித்துச் சூடேற மக்க வையுங்கள். பச்சையாகக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது. இந்தப் புழு மனிதர்களுக்கும் தொற்றும்.

5. மறுபரிசோதனை
இரண்டு வாரம் கழித்து அதே பன்றிகளின் சாணத்தை மறுபடி காட்டுங்கள். முட்டை அப்போதும் இருந்தால், நீங்களே அளவைக் கூட்டாமல், கொடுத்த மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.