கடைப் பலகைக்கும் தேயிலைப் பக்கெட்டுக்கும் ஏற்ற தடித்த எழுத்து

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கடைப் பலகையோ தேயிலைப் பக்கெட்டோ அடிக்கக் கொடுப்பவர்கள், ஆங்கிலப் பெயருக்கு ஃப்ளேர்டு செரிஃப் வகை எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். சாதாரண செரிஃப் எழுத்தில் கோட்டின் முனையில் ஒட்டியிருக்கும் சிறு கட்டைக்குத்தான் செரிஃப் என்று பெயர். இதில் அப்படித் தனியாகக் கட்டை ஒட்டியிருக்காது. கோடே நடுவில் சிறுத்து, முனைக்குப் போகப்போக அகலும். ஆங்கில 'ஐ' எழுத்தைப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். உளியால் செதுக்கியது போன்ற அந்தக் கம்பீரம் அதனால்தான் வருகிறது. பெர்தோல்ட் வோல்ப் 1930களில் வரைந்த ஆல்பர்ட்டஸ் என்ற எழுத்துரு இதற்கு அருமையான உதாரணம். வெண்கலத்தில் எழுத்துப் பொறித்தவர் அவர். அந்தக் கைப்பழக்கம் ஒவ்வொரு எழுத்திலும் இருக்கிறது.

தடித்த வடிவத்தைப் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும் வையுங்கள். எடை, காலாவதித் திகதி போன்ற பொடி விவரங்களுக்குப் போட்டால் எழுத்தின் உள்வெளியில் மை பரவி அடைத்துவிடும். அங்கே சாதாரண செரிஃப் இல்லாத எழுத்தே போதும்.

அப்புறம், நம் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். ஆங்கிலம் மட்டும் தடித்து, தமிழ் மெலிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுகிற கனமான தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடி எடுங்கள். இரண்டும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பார்க்க, எழுத்துருவின் அளவு எண்ணை நம்பாமல், மாதிரியை வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பனிமூட்ட நாளில் பார்த்தால் இன்னும் நல்லது. ஆங்கிலத்தில் எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம். தமிழில் அதைச் செய்யாதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும்.