சி-130ல இருந்து சி-17க்கு: லோட்மாஸ்டர் விமானம் மாறும்போது செய்ய வேண்டியது என்ன

அமெரிக்க ஏர்ஃபோர்ஸ்ல லோட்மாஸ்டரா, அதாவது சரக்கு விமானத்துல சரக்கை ஏத்தி, கட்டி, இறக்கற ஆளா இருக்கற நம்ம பசங்க பலபேர் கேக்கற கேள்வி இது. "அண்ணா, நான் சி-130ல இருக்கேன், சி-17க்கு போகணும், என்ன பண்றது?" சில பேரு அதுக்கு நேர் எதிரா, சி-17ல இருந்து ஹெர்க்குக்கு, அதான் சி-130 ஹெர்குலிஸுக்கு, போகணும்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாகிக்கோங்க, நீங்க கேக்கறது ஒரு விமானத்தை இல்ல, ஒரு பேஸை. எந்த பேஸுக்கு ஆர்டர் வருதோ அங்க என்ன நிக்குதோ அதுலதான் பறப்பீங்க. சார்ல்ஸ்டன், மெக்கார்டுன்னா சி-17. லிட்டில் ராக், டயஸ், ஜப்பான்ல யொகோட்டா, ஜெர்மனில ராம்ஸ்டைன்னா சி-130ஜே. டோவர்லயும் டிராவிஸ்லயும் சி-5, சி-17 ரெண்டுமே இருக்கு, அதனால அங்க இருக்கறவங்களுக்கு வீடு மாத்தாமயே விமானம் மாற ஒரு வழி உண்டு, ஸ்கூல் படிக்கற புள்ளைங்க வீட்ல இருந்தா இதை கண்டிப்பா யோசிங்க. சில சமயம் நீங்க கேக்காமயே மாறும். வானத்துலயே மத்த விமானத்துக்கு எரிபொருள் கொடுக்கற கேசி-10 2024 செப்டம்பர்ல ரிட்டயர் ஆச்சு, அதுல எரிபொருள் குழாயை இயக்கற பூம் ஆபரேட்டர், ஃப்ளைட் எஞ்சினியர் எல்லாரும் வேற இடம் பாத்துதான் ஆகணும்னு ஆச்சு. அதனால உங்க விமானம் எவ்வளவு நாள் ஓடும்ங்கறதுல ஒரு கண்ணு எப்பவும் இருக்கட்டும்.

சூப்பர்வைசர்கிட்ட சீக்கிரமே சொல்லிடுங்க, டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வந்தப்புறம் ஓடிப்போய் நிக்காதீங்க. உங்க கேரியர் ஃபீல்டோட ஃபங்ஷனல் மேனேஜர் (அந்த வேலைல இருக்கற ஆளுங்களை பாத்துக்கறவர்) யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, கேக்கும்போது "எனக்கு அது பிடிக்கும்"னு மட்டும் சொல்லாம, உங்களால அந்த ஸ்குவாட்ரனுக்கு என்ன லாபம்னு சொல்லுங்க, ஏர்டிராப் (பாராசூட்ல சரக்கு போடறது) அனுபவம் இருக்கு, இன்ஸ்ட்ரக்டரா இருந்திருக்கேன், இந்த மாதிரி. இன்னொண்ணு, புது விமானத்துக்கு டிரெய்னிங் கொடுத்தா அதுக்கப்புறம் இவ்வளவு காலம் சர்வீஸ்ல இருக்கணும்னு கணக்கு வரும். காண்ட்ராக்ட்ல மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாத்து, எக்ஸ்டென்ட் பண்ணணுமா, ரீ-என்லிஸ்ட் பண்ணணுமான்னு வீட்ல உக்காந்து பேசிட்டு அப்புறமா கையெழுத்து போடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. இதுல சோம்பேறித்தனம் பண்றவங்க ஸ்கூல் வாசல்லயே மாட்டுவாங்க. எவாலுவேஷன் ஃபோல்டரை நீங்களே ஒவ்வொரு பக்கமா புரட்டுங்க, பறக்கற தேர்வு ரிசல்ட் இருக்கற ஃபார்ம் 8 எல்லாம் வரிசையா இருக்கா, தேதி, கையெழுத்து சரியா இருக்கான்னு பாருங்க. மொத்த ஃப்ளையிங் அவர்ஸ் உங்களோட வரும், ஆனா அந்த விமானத்துக்கான குவாலிஃபிகேஷன் அங்கயே நின்னுடும், இன்ஸ்ட்ரக்டர் தகுதியும் அப்படித்தான். மெடிக்கல், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற ஆல்டிட்யூட் டிரெய்னிங், சர்வைவல் ரெஃப்ரெஷர் இதெல்லாம் கோர்ஸ் நடுவுல எக்ஸ்பயர் ஆகற மாதிரி இருந்தா முன்னாடியே முடிச்சுடுங்க. சளி பிடிச்சா, காது அடைச்சா ஃப்ளைட் சர்ஜன் டினிஃப்ல, அதாவது இப்போதைக்கு பறக்கக் கூடாதுன்னு, போட்டுடுவாரு, அப்புறம் கிளாஸ்மேட்ஸ் முன்னாடி போயிடுவாங்க, நீங்க பின்னாடி தனியா முடிக்கணும். அதனால கோர்ஸுக்கு முந்தின வாரங்கள்ல உடம்பை பாத்துக்கோங்க, இது சின்ன விஷயம் இல்ல.

ஸ்கூல் எங்கன்னா, சி-17க்கு ஓக்லஹோமால ஆல்டஸ், சி-130ஜேக்கு ஆர்கன்ஸால லிட்டில் ராக், சி-5க்கு டெக்ஸஸ்ல லாக்லேண்ட். நீங்க பழைய விமானத்துல எவாலுவேட்டரா இருந்திருக்கலாம், இங்க ஸ்டூடண்ட் தான். உங்களைவிட ரேங்க்ல சின்னவங்க சொல்லிக் கொடுப்பாங்க, "எங்க ஹெர்க்ல நாங்க இப்படித்தான் பண்ணுவோம்"ங்கற பேச்சை மட்டும் வகுப்புக்கு கொண்டு போகாதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எது மாறாது, எது மாறும்னு முதல் நாள்லயே மனசுல பிரிச்சுக்கணும்.

மாறாதது சரக்கை கட்டுற கணக்கு. முன்பக்கம் 3 ஜி (அதாவது சரக்கோட எடையைப் போல மூணு மடங்கு), பின்பக்கம் 1.5, பக்கவாட்டுல 1.5, மேல 2. சி-130ஆ இருந்தாலும் சி-17ஆ இருந்தாலும் இதேதான். 20,000 பவுண்டு வண்டி ஒண்ணு ஏத்தறீங்கன்னு வச்சுக்கோங்க, முன்பக்கத்துக்கு மட்டும் 60,000 பவுண்டு தாங்கற அளவுக்கு கட்டணும். 10,000 பவுண்டு செயினை தரையோட 30 டிகிரி, விமானத்தோட நீளவாக்குக்கு 30 டிகிரி கோணத்துல போட்டா முன்பக்கத்துக்கு கிடைக்கறது 75 சதவீதம், அதாவது 7,500 தான், அப்ப எட்டு செயின் வேணும். அதே வண்டி சி-17ல ஏறும்போது தரைல இருக்கற ரிங் எல்லாம் 25,000 பவுண்டு ரிங், 25,000 பவுண்டு செயினை அதே கோணத்துல போட்டா ஒண்ணுக்கு 18,750 கிடைக்கும், நாலு போதும், ஆனா வண்டில செயின் மாட்டற இடம் அவ்வளவு தாங்கணும், இல்லன்னா செயின் எவ்வளவு பெருசா இருந்தும் பிரயோஜனமில்ல. ஹெர்க்ல தரை ரிங்ல பெரும்பாலானது 10,000 தான், அதனால அங்க இருந்து வர்றவங்களுக்கு கை தானா சின்ன செயின் பக்கம் போகும், சி-17ல இருந்து ஹெர்க்குக்கு போறவங்களுக்கு அதைவிட ஆபத்து, பெரிய செயினை சின்ன ரிங்ல மாட்டிட்டு 25,000 கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுடுவாங்க. எது பலவீனமோ அதோட பலம்தான் கணக்கு. 2013 ஏப்ரல் 29ல ஆப்கானிஸ்தான்ல பாக்ராம்ல ராணுவ வண்டிங்களோட கிளம்பின 747 சரக்கு விமானம் விழுந்து ஏழு பேர் போனாங்களே, உள்ள கட்டியிருந்த வண்டி அவுந்து பின்னாடி நகர்ந்ததுதான் ஆரம்பம். செயின் எண்ணும்போது அந்த ஏழு பேரை நினைச்சுக்கோங்க.

மாறுறது உங்க கையும் கண்ணும் பழகின எல்லாமே. சி-130ஜே-30ல (நீளமான ஹெர்க்) எட்டு பேலட் (சரக்கு அடுக்கற 88க்கு 108 இஞ்ச் தட்டு), 108 இஞ்ச் பக்கம் குறுக்கா போகும். சி-17ல பதினெட்டு, ரெண்டு வரிசையா போடும்போது 88 இஞ்ச் பக்கம் குறுக்கா வரும், அதுல நாலு ரேம்ப் (பின்பக்கம் திறக்கற சாய்வுக் கதவு) மேலயே நிக்கும். அதனால பேலட் வந்து நின்னதும் எந்தப் பக்கம் முன்னாடி போகுதுன்னு மறுபடி யோசிக்கணும், பழக்கத்துல கை காட்டி ஃபோர்க்லிஃப்ட்டை கூப்பிட்டுடாதீங்க. எடையும் வேற அளவு, ஹெர்க்ல 44,000 பவுண்டுன்னா உச்சம், சி-17ல 1,70,900. வெயிட் அண்ட் பேலன்ஸ் ஃபார்ம் அதேதான், ஆனா ஸ்டேஷன் நம்பர் (விமானத்துக்குள்ள இடத்தை சொல்ற எண்), சிஜி லிமிட் (எடையோட மையம் இருக்க வேண்டிய எல்லை) எல்லாம் புதுசு, கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தாலும் முதல் சில மாசம் கையால ஒருமுறை போட்டுப் பாருங்க, பதில் தப்பா இருந்தா மனசுக்கு உறுத்தற அளவுக்கு நம்பர் பழகணும்.

வால் பக்கம் தனியா சொல்லணும். சி-17, சி-5 ரெண்டும் டி-டெய்ல், அதாவது டி எழுத்து மாதிரி வால், எலிவேட்டர் (விமானத்தோட மூக்கை ஏத்தி இறக்கற வால் மடிப்பு) எங்கயோ உயரத்துல இருக்கும், பின்னாடி நிக்கறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. ஹெர்க்ல அது ரேம்புக்கு மேலயே இருக்கு, உயரமான சரக்கு ஏத்தும்போது இடம் வேணும்னா காக்பிட்ல யோக்கை (பைலட் பிடிக்கற கைப்பிடி) பின்னாடி இழுத்து எலிவேட்டரை தூக்கி வைக்கணும். 2015 அக்டோபர் 2ல ஆப்கானிஸ்தான்ல ஜலாலாபாத்ல ஒரு ஹெர்க்ல, எஞ்சின் ஓடிக்கிட்டே சரக்கு ஏத்தும்போது, யோக் முன்னாடி வராம இருக்க நைட் விஷன் காகிள்ஸோட பெட்டியை முன்னாடி வச்சாங்க, ராத்திரி இருட்டுல அதை எடுக்க மறந்துட்டு டேக்-ஆஃப் பண்ணிட்டாங்க, விமானம் விழுந்துடுச்சு. விமானத்துல பதினொரு பேர், தரைல மூணு பேர், மொத்தம் பதினாலு உயிர். சி-17ல இருந்து ஹெர்க்குக்கு போற ஒவ்வொருத்தரும் அந்த ரிப்போர்ட்டை கோர்ஸுக்கு முன்னாடியே படிக்கணும்ங்கறது என் உறுதியான எண்ணம். பின்னாடி நின்னு சரக்கு ஏத்தறவருக்கு முன்னாடி யோக் எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும், ஏத்தி முடிச்சதும் "எலிவேட்டர் ஃப்ரீயா?"ன்னு வாய்விட்டு கேக்கற பழக்கம் வரணும்.

வேலை பாக்கற விதமும் மாறும். சி-5ல மூணு லோட்மாஸ்டர், ரெண்டு ஃப்ளைட் எஞ்சினியர், மூக்கு திறக்கும், விமானமே குனியும், வண்டிங்க பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்கும், எல்லாம் ஒரு டீமா நடக்கும். சி-17ல குறைஞ்சபட்ச க்ரூ ரெண்டு பைலட், ஒரு லோட்மாஸ்டர், பின்னாடி நீங்க மட்டும்தான்னு பல டிரிப் வரும். சி-5ல இருந்து வர்றவங்க ஏத்துறது இறக்குறது எல்லாத்தையும் தனியா முடிவெடுத்து பேசிப் பழகணும், சி-17ல இருந்து சி-5க்கு போறவங்க அடுத்தவர் என்ன பண்றாருன்னு கேட்டுக் கேட்டு செய்யப் பழகணும். ரெண்டாவதுதான் கஷ்டம்னு எனக்கு தோணுது, தனியா ஓடிப் பழகினவருக்கு நிறுத்திக் கேக்க வராது.

படிக்கும்போது பழைய நோட்டை பக்கத்துல வச்சுக்காதீங்க, எமர்ஜென்சி ப்ரொசீஜரை புதுசா, வார்த்தைக்கு வார்த்தை, டிரெய்னர்ல அந்தந்த இடத்துல நின்னு சத்தமா சொல்லிப் பழகுங்க, ஆக்ஸிஜன் எங்க, ஃபயர் பாட்டில் எங்க, வெளிய போற ஹாட்ச் எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு கை வைக்கத் தெரியணும், ஏன்னா புகை வந்தா பழைய விமானத்துல அது இருந்த இடத்துக்குத்தான் கை போகும். செக்ரைடு (பறந்து காட்டற பரீட்சை) முடிஞ்சு புது ஸ்குவாட்ரன் போனதும் எல்லாம் முடிஞ்சிடாது, மிஷன் குவாலிஃபிகேஷன் அங்க தனியா நடக்கும், ஏர்டிராப் அதுக்கப்புறம். இன்ஸ்ட்ரக்டர் அப்கிரேடுக்கு உடனே போய் நிக்காம, முதல்ல சாதாரண சேனல் டிரிப்பா (வழக்கமான ரூட்ல போற சரக்கு டிரிப்) நிறைய கேட்டு வாங்குங்க, வேற வேற ஏரியல் போர்ட்ல (விமானத்துல சரக்கு ஏத்தி இறக்கற இடம்) வேற வேற ஆளுங்களோட ஏத்தி இறக்கும்போதுதான் அந்த விமானம் கைக்கு வரும், ஷெட்யூலர்கிட்ட அதை முதல் வாரமே சொல்லி வச்சுடுங்க.