நாற்பதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா? கல்லூரி குரூப்பை மியூட்டில் போடாதீர்கள்

நடுவயதில் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு வந்து இறங்கி வேலை தேடுகிறவர்களில் பலர், கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பைத்தான் முதலில் மியூட்டில் போடுகிறார்கள். ஒருவன் டைரக்டர், இன்னொருத்தி வைஸ் பிரசிடென்ட். நமக்கு இன்டர்வியூவே வரவில்லையே என்ற கூச்சம். ஆனால் உங்களுக்கு வேண்டிய தகவல் கொட்டிக் கிடப்பது அங்கேதான்.

பதவிப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பெரிய முதலீட்டு வங்கிகளில் வைஸ் பிரசிடென்ட் என்பது நடுத்தட்டுப் பதவி. ஐந்து பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆளாளுக்கு ‘ஹெட்’. கவனிக்க வேண்டியது வேறு: படித்தது ஒன்று, இப்போது செய்வது ஒன்றாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மெக்கானிக்கல் படித்தவர் சப்ளை செயினில், புரோகிராமராகத் தொடங்கியவர் புராடக்ட் மேனேஜராக, ஆசிரியையாக இருந்தவர் கம்பெனிகளுக்குப் பயிற்சி தயாரிப்பவராக. எப்போது மாறினார்கள், எந்தச் சான்றிதழ் உதவியது, சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்? இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆள்தான். அடிக்கடி பார்ப்பவர் அல்ல. கூடவே இருப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். நான்கு வருடமும் ‘ஹாய்’ சொன்னதோடு சரி என்றிருந்த வகுப்புத் தோழர் புழங்கும் வட்டமே வேறு.

‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுடா’ என்று கேட்டால், ‘கண்டிப்பா மச்சி’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“மச்சி, குடும்பத்தோட இங்க வந்து ஒரு மாசம் ஆச்சு. ஊர்ல பிளான்ட் மெயின்டனன்ஸ் பார்த்துட்டிருந்தேன். நீ புரொடக்‌ஷன்ல இருந்து குவாலிட்டிக்கு மாறினது எப்படின்னு தெரிஞ்சுக்கணும். சனிக்கிழமை இருபது நிமிஷம் பேச முடியுமா? வேலை கேட்கலடா, வழிதான் கேட்கிறேன்.”

இதற்குப் பதில் போடாமல் இருப்பவர்கள் குறைவு. பேசும்போது, ‘உன் டீம்ல என்னை மாதிரி ஒருத்தன் வந்தா எங்க இடறுவான்?’ என்று கேளுங்கள். ரெஸ்யூமேயில் எதைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

அடுத்தது பலரும் குழம்பும் இடம். படிப்பை மதிப்பிடுவது ஒன்று, தொழில் செய்ய உரிமம் வாங்குவது இன்னொன்று. கனடாக் குடியேற்றத்துக்கு வாங்கிய இசிஏ (கல்வித் தகுதி மதிப்பீடு) அறிக்கை, உங்கள் பட்டம் அங்குள்ள எந்தப் படிப்புக்குச் சமம் என்றுதான் சொல்லும். அதை வைத்து நர்ஸாகவோ மருத்துவராகவோ வேலை பார்க்க முடியாது. அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளர்களுக்கும் ஒரு விஷயம். பொறியியல் பட்டப் படிப்புகளை உறுப்பு நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டில் இந்தியா முழு உறுப்பினரானது 2014-இல். அதற்கு முன்பு வாங்கிய பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் தானாகக் கிடைக்காது. உங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். உரிமம் கைக்கு வரும்வரை எஸ்டிமேட்டர், புராஜெக்ட் கோஆர்டினேட்டர் மாதிரி உரிமம் தேவைப்படாத வேலைகளைப் பாருங்கள். அது இறக்கம் இல்லை. உள்ளூர் அனுபவம் சேருவது அங்கேதான்.

ரெஸ்யூமேயில் பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண விவரம், போட்டோ எதுவும் வேண்டாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் இவற்றைப் போடும் பழக்கமில்லை. நாற்பதும் அதற்கு மேலும் வயதானவர்களை வேலையில் பாகுபடுத்துவதை அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இருந்தாலும், கடைசிப் பத்துப் பதினைந்து வருட அனுபவத்தை மட்டும் விரிவாக எழுதுவது நல்லது. மேனேஜர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், ‘சார்’ போட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

பேச்சு கனிந்து, நண்பரே ‘எங்க கம்பெனியில ஒரு இடம் இருக்கு’ என்றால் ரெஃபரல் கேட்கத் தயங்காதீர்கள். ஆள் சேர்த்துவிடும் ஊழியருக்குப் பல நிறுவனங்கள் போனஸ் தருகின்றன. ஆனால் அவசரப்பட்டு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிட்டால், சில இடங்களில் அந்த ரெஃபரல் செல்லாமல் போகும். அவர் உள்ளே பதிவு செய்து லிங்க் அனுப்பும்வரை பொறுத்திருங்கள்.