மின்சார காருக்கு கோடை டயர்: ரேஞ்ச் குறையாமல் பார்த்து வாங்குவது எப்படி?

ஓடும் டயரில் தரையைத் தொடும் பகுதி நசுங்குகிறது, தரையை விட்டதும் நிமிர்கிறது. நசுங்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்புவதில்லை. ஒரு பங்கு ரப்பரிலேயே சூடாகப் போய்விடுகிறது. இதுதான் ரோலிங் ரெசிஸ்டன்ஸ், அதாவது உருளும் டயர் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும் இழுவை. பெட்ரோல் காரில் இன்ஜினே பெரும்பகுதியை வீணடிப்பதால் டயர் தின்பது கண்ணில் படாது. மின்சார காரில் அது நேராக ரேஞ்சில், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில் தெரியும்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐரோப்பிய டயர் லேபிளில் இந்த இழுவைக்கு ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகள். கார் டயருக்கு ஏ என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ இழுவைக்குள், பி 7.7 வரை, சி 9.0 வரை. ஆட்களோடு 2 டன் வரும் காரில் 6.5-க்கும் 9.0-க்கும் உள்ள வித்தியாசம் 5 கிலோ இழுவை. 100 கி.மீ.க்கு அது சுமார் 1.4 யூனிட் மின்சாரம். 100 கி.மீ.க்கு 17 யூனிட் எடுக்கும் கார் 18.4 எடுக்கும். 70 யூனிட் பேட்டரியில் ஏறத்தாழ 30 கி.மீ. போச்சு.

கடைக்குப் போகும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 215/55 ஆர்17 98 டபிள்யூ என்று இருந்தால், 98 என்பது ஒரு டயர் 750 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. அதே அளவில் 94 மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது 670 கிலோதான். பேட்டரி எடையைச் சுமக்கும் காரில் இந்த எண்ணைக் குறைக்கவே கூடாது. எக்ஸ்எல், ஹெச்எல் என்ற (கூடுதல் சுமை தாங்கும் டயரைக் குறிக்கும்) எழுத்துகள் ஸ்டிக்கரிலோ கார் கையேட்டிலோ இருந்தால் அதேதான் வாங்க வேண்டும். கடைசி எழுத்து வேக வரம்பு: வி 240 கி.மீ., டபிள்யூ 270.

அடுத்து லேபிள். பலர் ஏமாறும் இடம் இது. விளம்பரத்தில் ஏ என்று வரும் மாடல், உங்கள் அளவில் பி அல்லது சி ஆக இருக்கலாம். ஒரே மாடலிலும் அளவுக்கு அளவு வகுப்பு மாறும். லேபிளின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, உங்கள் அளவும் சுமை எண்ணும்தானா என்று பாருங்கள். பக்கவாட்டில் ‘இவி’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இழுவை எத்தனை கிலோ என்று அந்த எழுத்து சொல்லாது.

ஈரச்சாலைப் பிடிப்புக்கு லேபிளில் தனி வகுப்பு உண்டு. ரேஞ்சுக்காக அதை விட்டுக்கொடுப்பது மோசமான பேரம். இரண்டிலும் ஏ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈரப்பிடிப்பு ஏ, இழுவை பி என்று எடுங்கள். 18 அங்குல ரிம்மிலிருந்து 20-க்குத் தாவினால் எடையும் அகலமும் கூடி, லேபிளில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்கும். அந்தப் பருவத்துக்கு வேறு டயர்தான்.

சத்தம் குறைய உள்ளே பஞ்சு ஒட்டிய டயர்களில் பஞ்சர் போடும்போது, ஓட்டை விழுந்த இடத்துப் பஞ்சை வெட்டி எடுத்துத்தான் ஒட்ட முடியும். அதைச் செய்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உற்பத்தித் தேதியையும் பாருங்கள்: 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம்.

மாட்டும்போது ஜாக்கியைக் குறித்த இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும், தேவைப்பட்டால் ரப்பர் கட்டையோடு. அடிப்பக்கம் முழுக்க பேட்டரி. சற்று தள்ளி வைத்தால் அதன் உறை நசுங்கும். கூடவே வீல் அலைன்மென்ட்டும் பாருங்கள். டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) பிசகிய சக்கரம் லேசாகக் குறுக்கே இழுபட்டே ஓடும். ஏ வகுப்பு டயரானாலும் ஒரு பக்க விளிம்பு மொட்டையாகிவிடும்.

காற்றை மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சுமார் 1.5 பிஎஸ்ஐ இறங்கும், அதனால் மாதம் ஒருமுறை பார்ப்பது அவசியம். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் குறைவாகத்தான் நிற்கும்.

இவ்வளவும் செய்து மாட்டிய முதல் வாரத்தில் ரேஞ்ச் குறைந்ததுபோல் தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பட்டன் தேய்ந்த டயரில் நசுங்கும் ரப்பர் குறைவு, அதனால் இழுவையும் குறைவு. 3 மி.மீ.க்குத் தேய்ந்ததைக் கழற்றி 8 மி.மீ. புதியதை மாட்டினால் ஆரம் 5 மி.மீ. கூடும். அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டர் சுமார் 1.5 சதவீதம் குறைத்தே காட்டும். அதைச் சேர்த்துக்கொண்டு, சில நூறு கி.மீ. ஓடிய பிறகு, அதே பாதை, அதே வேகம், அதே வெயிலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.