தீராத வலியோடு இருப்பவரிடம் எப்படிக் கேட்பது

சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் நின்றே ஆயுளைக் கழித்தவரிடமோ, திருப்பூர் பனியன் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து தைத்தவரிடமோ "இடுப்பு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் கூருணர்வு தணியாமல் சிறு அசைவையும் பெரும் வலியாக உணர்த்தக்கூடும் என்பதால், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து வலியே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளும், வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றே கூறுகின்றன.

வலி எவ்வளவு என்று கேட்பதோடு, எப்படிப்பட்டது என்றும் கேளுங்கள். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, சுண்டி இழுக்கிறதா என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. அவற்றுள் எரிச்சல், மரமரப்பு, மின்சாரம் பாய்ந்ததுபோன்ற சுரீர் வலி ஆகியவை நரம்பு சார்ந்த வலியைக் குறிக்கக்கூடும் என்பதால் மருத்துவருக்கும் அவை உதவும்.

அதைவிட முக்கியமாக, வலியால் விட்டுப்போன காரியங்களைக் கவனியுங்கள். டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தும் என் அம்மா நின்றுகொண்டே வருவதை நான் வெகுநாள் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன், உட்கார்ந்து எழும் அந்த ஒரு நொடிக்கு அவர் அஞ்சினார் என்பது, "ராத்திரி புரண்டு படுக்க முடியுதுங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றுதான் அவர் நெடுநேரம் பேசினார்.

நேற்றுச் சீருக்கு வந்து சிரித்துப் பேசியவர் இன்று எழ முடியாமல் படுத்திருந்தால் அதை நடிப்பென்று எண்ணுவது பெரும் கொடுமை. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் முடங்குவது இவர்களிடம் அடிக்கடி காணும் சுழற்சி. ஆகவே நல்ல நாளிலும் வேலையைக் கூறுபோட்டு, வலி ஏறுவதற்கு முன்பே ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். எந்நேரமும் படுத்தே இருப்பதும் உடம்பை இறுக்கிவிடும். முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் கூடவே போங்கள். ஆனால் அவருடைய வலியை அவரே சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.